பெயர்த்து வைக்கப்பட்ட அமைதி: நியூயோர்க்கின் குளொய்ஸ்டர்ஸ் நூதனசாலை குறித்துச் சில அவதானங்கள்

நூதனசாலை ஒன்றை இலக்கியச் சஞ்சிகையில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் ஒரு நாவலுக்கோ கவிதைத் தொகுதிக்கோ உள்ளவையெல்லாம் அதற்கும் உண்டு. ஆக்கியோன் உண்டு, தெரிவு உண்டு, எதை முன்னால் வைப்பது, எதை மூலையில் வைப்பது என்ற ஒழுங்கு உண்டு, சொல்லாமல் விட்டவையும் உண்டு. பார்வையாளனிடம் ஏற்படுத்த விரும்பும் உணர்வு ஒன்றும் உண்டு. நியூயோர்க் நகரின் குளொய்ஸ்டர்ஸ் நூதனசாலை ஏற்படுத்த விரும்பும் உணர்வு அமைதி. அதைப் பற்றி எழுதிய பயணக் கட்டுரையாளர்களில் அநேகர், பெருநகரத்தின் இரைச்சலுக்குத் தப்பிச் சில மணி நேரம் ஒதுங்கியிருக்க இதைவிட நல்ல இடமில்லை என்ற ஒரே வசனத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த வசனம் பொய்யல்ல. போய்ப் பார்த்தவன் என்ற வகையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அமைதி எப்படிச் செய்யப்பட்டது, யாருடைய எதைக் கொண்டு செய்யப்பட்டது என்று அவ்வகை எழுத்து கேட்பதேயில்லை. ஒரு கவிதையை "இனிமையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மூடிவைப்பது போன்றது அது.

மன்ஹட்டன் தீவின் வட அந்தத்தில், ஃபோர்ட் டிரையன் பூங்காவின் மேட்டில், ஹட்சன் நதியைப் பார்த்தபடி அது நிற்கிறது. நகரின் மத்தியிலிருந்து நிலத்தடிப் புகையிரதத்தில் ஏறி 190ஆம் வீதி நிலையத்தில் இறங்கினால், பாறைக்குள் ஆழத்திலுள்ள மேடையிலிருந்து மின்தூக்கி மேலே கொண்டுவந்து விடும். கதவு திறந்ததும் மரங்கள்தான் தெரியும். அதன்பின் பத்து நிமிட நடை. மரங்களுக்கு மேலாக மணிக்கோபுரம் ஒன்று எழும்பி வரும்போது, நாம் இருப்பது வானளாவிகளின் நகரம் என்ற நினைவு மெல்லக் கழன்றுவிடுகிறது. மெட்ரோபொலிடன் கலை நூதனசாலையின் கிளையான இது, ஐரோப்பிய மத்தியகாலக் கலைக்கென்றே 1938 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பெயருக்குக் காரணம் அதன் முற்றங்கள். துறவிமடம் ஒன்றின் நடுவே வானத்துக்குத் திறந்த சதுர முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசையுடன் கூரையிட்ட நடைபாதை. இதைத்தான் குளொய்ஸ்டர் என்கிறார்கள். நமது பழைய நாற்சார் வீட்டின் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் அறிந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வதில் சிரமமிராது. முற்றத்தின் நடுவே நீர்த்தொட்டியும், சுற்றிவர நிழல் விழும் தூண்களும் இருப்பதைக் காணும்போது பழைய பெரும் பள்ளிவாசல்களின் முற்றமும் ஹவுழும் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் வெயிலும் தண்ணீரும் மனிதருக்கு ஒரே பாடத்தைத்தான் கற்பித்திருக்கின்றன போலும்.

அத்தகைய நான்கு முற்றங்களின் கற்கள் அங்குள்ளன. நான்கும் பிரான்சிலிருந்து வந்தவை. இவ்விடத்தில்தான் ஆக்கியோன்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலாமவர் ஜோர்ஜ் கிரே பர்னார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி. பென்சில்வேனிய மாநில சட்டசபைக் கட்டடத்துக்கான பெரும் சிற்ப வேலையொன்றைப் பிரான்சில் இருந்து செய்துகொண்டிருந்தபோது கையில் பணம் தட்டுப்பட, பழைய கற்களை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துறவிமடங்கள் பறிமுதல் செய்யப்பட்டு, விற்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்குவியல்களாகக் கிடந்தன. தோட்டங்களிலும் வீடுகளிலும் போய்ச் சேர்ந்திருந்த தூண்தலைகளை அவர் தேடித்தேடி வாங்கினார். சென் கியெம் மடத்தின் நுணுக்கமான தூண்களில் சில, பக்கத்து ஊர் நீதவான் ஒருவரின் தோட்டத்தில் திராட்சைப் பந்தலைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பது பதிவாகியுள்ள செய்தி. 1914 டிசம்பரில் பர்னார்ட் இவற்றைக் கொண்டு மன்ஹட்டனின் வடபகுதியிலேயே செங்கல்லால் ஒரு காட்சிச்சாலை அமைத்தார். மெழுகுதிரி வெளிச்சம், துறவிகளின் அங்கி அணிந்த பணியாளர்கள் என்று நாடகப் பாணியில் அது நடந்தது.

இரண்டாமவர் எண்ணெய்ச் செல்வரின் மகனான ஜோன் டி. ரொக்பெல்லர். 1925இல் பர்னார்டின் சேகரிப்பை மெட்ரோபொலிடன் வாங்குவதற்கான பணத்தைக் கொடுத்தவர் அவர். தாம் முன்னரே வாங்கி வைத்திருந்த குன்றை நகரத்துக்குப் பூங்காவாகக் கொடுத்து, அதில் நூதனசாலைக்கென இடத்தை ஒதுக்கியவரும் அவரே. கட்டடத்தை வரைந்தவர் சார்ள்ஸ் கொலன்ஸ். எந்தக் கல் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவருடன் இருந்து தீர்மானித்தவர்களுள் முக்கியமானவர் ஜேம்ஸ் ரொரிமர் என்ற இளம் பொறுப்பாளர்.

ஆக, இது ஒரு தொகைநூல். பல ஊர்களில், பல நூற்றாண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத கைகள் செய்தவற்றை ஒரு தொகுப்பாசிரியர் குழு ஒன்றாகக் கட்டியிருக்கிறது. தொகைநூலை எப்படி மதிப்பிடுவோமோ அப்படித்தான் இதையும் மதிப்பிட வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். இணைப்பு நேர்மையானதா? தொகுப்பாளரின் குரல் மூலங்களை அமுக்குகிறதா? எதை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்கிறாரா?

முதலிரண்டு கேள்விகளிலும் குளொய்ஸ்டர்ஸ் பெரும்பாலும் தேறிவிடுகிறது. பர்னார்டின் நாடகத்தைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். அவர்கள் கட்டிய சுவர்கள் மத்தியகாலத்தைப் பாவனை செய்வதில்லை; பெரும்பாலும் வெறும் சுவர்களாக நின்று கதவு, சாளரம், தூண்தலை ஆகியவற்றைப் பேச விடுகின்றன. பெரிய முற்றமான குக்சாவைப் பாருங்கள். பிரெனீஸ் மலையடிவாரத்தில் 878இல் நிறுவப்பட்ட சென் மிஷேல் துக்சா மடத்துக்கு பன்னிரண்டாம் நூற்றாண்டில் செதுக்கிய இளஞ்சிவப்புப் பளிங்குத் தூண்கள் அங்கே நிற்கின்றன. அசல் முற்றத்தைவிட இது சிறியது. கிடைத்த கற்களுக்கேற்ப அளவைக் குறைத்துக்கொண்டார்கள். குறைந்த இடங்களை நிரப்ப அதே மலைப்பகுதியின் பழைய கற்சுரங்கத்தைத் திறந்து புதிய பளிங்கு வெட்டுவித்தார்கள். ஆனால் புதிய தூண்தலைகளில் பழைய சிற்பிகளைப் போலச் சிங்கமும் குரங்கும் செதுக்க முயலவில்லை. தொலைந்துபோன அடியை இட்டுக்கட்டி நிரப்பாமல் இடைவெளியை இடைவெளியாகவே விடும் பதிப்பாசிரியரின் கண்ணியம் அது. நமது பழைய புலவர்களின் பாடல்களைப் பதிப்பித்தவர்கள் எல்லோரிடமும் அந்தக் கண்ணியம் இருந்தது என்று சொல்ல முடியாது.

சோலைகளிலும் அதே அறிவு தெரிகிறது. பொன்ஃபொன் முற்றத்தில் மத்தியகால ஐரோப்பாவில் மருந்துக்கும் சமையலுக்கும் சாயத்துக்கும் பயன்பட்ட செடிகளை வகைவகையாக வளர்க்கிறார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனம், நீலத்துக்கு வோட், மஞ்சளுக்கு வெல்ட். சில அடிகள் நடந்து உள்ளே போனால் அதே மூன்று சாயங்களைக் கொண்டு 1495 முதல் 1505 வரையிலான காலத்தில் நெய்யப்பட்ட ஒற்றைக்கொம்புக் குதிரையின் திரைச்சீலைகள் தொங்குகின்றன. ஏழு சீலைகள். யாருக்காக நெய்யப்பட்டன என்பது இன்றுவரை தீராத பிரச்சினை. கயிற்றால் பிணைத்த இரண்டு எழுத்துகள் மாத்திரம் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒரு பிரபு குடும்பத்தின் மாளிகையிலிருந்து கொள்ளை போய், உறைபனியிலிருந்து பயிர்களைக் காப்பதற்குப் போர்வையாகக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டவை இவை. செடியிலிருந்து நூலுக்கும் நூலிலிருந்து உருவத்துக்கும் கண் நடந்துபோகும்படி இவ்வளவு அண்மையில் வைத்திருப்பது, விளக்கவுரை எழுதாமலேயே விளக்கம் சொல்லும் முறை. இந்த இடத்தில் பார்வையாளன் மணிக்கணக்காக நிற்பது வியப்பல்ல. பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று நுழைந்தால் அமைதி அரைமணி நேரம் ஒத்திவைக்கப்படும். அதுவும் நல்லதுதான், அந்தச் சீலைகளில் ஓடும் வேட்டை நாய்களின் சத்தத்தைக் கேட்கக் கூடியவர்கள் பிள்ளைகள் மாத்திரமே.

இனி, மேற்குப்புற மதிலருகே போய் நிற்கலாம். கீழே ஹட்சன். எதிர்க்கரையில் நியூஜேர்சியின் பலிசேட்ஸ் மலைமுகடு காடடர்ந்து நீண்டு கிடக்கிறது. நியூயோர்க்குக்கு எதிரே இப்படியொரு கரை கட்டடமின்றி எப்படித் தப்பியது? தப்பவில்லை, தப்புவிக்கப்பட்டது. ரொக்பெல்லர் அந்த முகட்டிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் காணியை வாங்கிப் பாதுகாப்புக்காகக் கொடுத்தார். நூதனசாலையின் கடைசி அறை எதிர்க்கரையில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 2013 அளவில் எல்ஜி நிறுவனம் அங்கே தன் தலைமையகத்தை மரங்களுக்கு மேலே துருத்தும் உயரத்தில் கட்ட முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் மெட்ரோபொலிடனும் சேர்ந்துகொண்டது. 2015இல் உயரத்தைப் பாதியளவுக்குக் குறைக்க நிறுவனம் இணங்கியது. அமைதி என்பது இயற்கையாக மிஞ்சியிருக்கும் ஒன்று என நினைப்பவர்கள் இந்த வழக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் காணி உறுதியும் சட்டத்தரணியும் தேவைப்படுகின்றன.

மூன்றாவது கேள்வி, எதை எங்கிருந்து எடுத்தார் என்று தொகுப்பாளர் சொல்கிறாரா என்பது. சொல்கிறார், ஆனால் மிகச் சன்னமான குரலில். ஒவ்வொரு பொருளுக்கும் அருகே ஊரும் நூற்றாண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. பொன்ஃபொன் என்ற பெயரால் வழங்கும் முற்றத்தின் கற்களில் பல அந்த மடத்துக்குரியனவல்ல, அப்பகுதியின் வேறு மடங்களுக்குரியன என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியபோது நூதனசாலை அதை மறைக்கவுமில்லை. எனினும், அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. குக்சா மடம் செத்துப்போன இடம் என்ற எண்ணத்துடனேயே பலர் வெளியேறுவார்கள். உண்மையில் அங்கே இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். எஞ்சிய வளைவுகளைக் கொண்டு தங்கள் முற்றத்தின் ஒரு பகுதியை மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பாப்லோ கசால்ஸ் தொடக்கிவைத்த இசைவிழாவின் கச்சேரிகள் அந்தத் தேவாலயத்தில் நடக்கின்றன. ஒரு பாட்டைத் தொகைநூலில் சேர்த்தவர், அதைப் பாடியவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதை அடிக்குறிப்பிலாவது சொல்ல வேண்டாமா?

'தப்பிச் செல்லுதல்' என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. நூதனசாலை எழும்பிக்கொண்டிருந்த அதே 1930களில், அதன் காலடியிலுள்ள வொஷிங்டன் ஹைட்ஸ் பகுதிக்கு ஜேர்மனியிலிருந்து உண்மையாகவே தப்பி வந்த யூதக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. பிராங்ஃபர்ட் நகரம் ஹட்சன் கரைக்கு வந்துவிட்டது என்று கேலியாகச் சொல்லுமளவுக்கு அது அவர்களது ஊராயிற்று. பிற்காலத்தில் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்களின் ஊராகவும் ஆயிற்று. கற்கள் கிரயப் பத்திரத்தோடும், ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்ட பெட்டிகளோடும் அத்திலாந்திக்கைக் கடந்தன. மனிதர்களுக்கோ ஒரு விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கிடைக்காமல் அங்கேயே அழிந்தவர்கள் பல இலட்சம். ஒரே குன்றின் மேலும் கீழுமாக நடந்த இந்த இரு வருகைகளையும் சேர்த்து நினைக்காமல் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

இந்த நினைப்பை நூதனசாலைக்குள் இருக்கும் ஒரு பொருளே வலுப்படுத்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சிலுவை அது. உயரம் இரண்டடிக்கும் குறைவு. அதற்குள் நூறளவில் சிறு உருவங்களும், எறும்பு வரிசைபோல் லத்தீன் வாசகங்களும். மத்தியகாலத் தந்த வேலைப்பாட்டின் சிகரங்களுள் ஒன்று என்று அதைச் சொன்னால் மறுப்பார் இல்லை. 1963இல் மெட்ரோபொலிடன் இதை வாங்கியபோது, தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை விற்றவர் சொல்ல மறுத்துவிட்டார். அந்த வாசகங்களிற் பல யூதர்களுக்கு எதிரான வசை. யூத மதத்தை ஒரு பெண்ணாக உருவகித்து, அவள் ஈட்டியால் ஆட்டுக்குட்டியைக் குத்துவதாகவும் செதுக்கியிருக்கிறார்கள். சிலுவையின் பிறப்பிடம் இங்கிலாந்தின் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடம் என்று சிலர் கருதுவர், அது விவாதத்துக்குரியது. அந்த ஊரிலிருந்து யூதர்கள் 1190இல் வெளியேற்றப்பட்டார்கள் என்பதில் விவாதமில்லை. வெளியேற்றம் என்ற சொல்லின் பாரத்தை இச்சஞ்சிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கலை உச்சத்தில் இருக்கும்போதே வெறுப்பும் அதே உளியால் செதுக்கப்படலாம் என்பதை, நமது மொழியின் பழைய சமய வாதப் பிரதிகளைப் படித்தவர்களும் அறிவார்கள். அந்தச் சிலுவைமுன் கிடைப்பது அமைதியல்ல. கிடைக்கவும் கூடாது.

ரொரிமரை இங்கே மறுபடி நினைக்க வேண்டும். கற்களைச் சேர்த்தவர் என்று மட்டும் அவரை எழுதிவிட்டால் அநியாயமாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அதிகாரியாகச் சென்ற அவர், பிரான்சின் யூதக் குடும்பங்களிடமிருந்து நாஸிகள் கொள்ளையிட்ட கலைப்பொருட்கள் பதுக்கப்பட்டிருந்த நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகைக்கு 1945இல் போய்ச் சேர்ந்து, அவை உரியவரிடம் திரும்புவதற்கு உழைத்தார். பின்னர் மெட்ரோபொலிடனின் பணிப்பாளரானார். ஒரே மனிதர் ஒரு கையால் பெயர்த்து வந்ததை ஒழுங்குபடுத்துகிறார். மறு கையால் பெயர்க்கப்பட்டதைத் திருப்பி அனுப்புகிறார். வாங்கியது, கொள்ளையிட்டது என்ற சட்ட வேறுபாடு பெரிய வேறுபாடுதான். அதை மழுப்புவது எனது நோக்கமல்ல. ஆனால் வறிய கிராமத்தவன் விற்கச் சம்மதித்தான் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறதா?

இதற்கு விடை தேடும்போது ஓர் ஒட்டகம் குறுக்கே வந்து நிற்கிறது.

ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், பெர்லங்கா என்ற ஊருக்கு அண்மையில், சன் பௌதேலியோ என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு அளவில் எழுந்தது. வெளியே பார்த்தால் கல் கொட்டகை போலிருக்கும். உள்ளே நட்ட நடுவில் ஈச்ச மரம் போல் ஒரு தூண் எழுந்து, எட்டுக் கிளைகளாக விரிந்து கூரையைத் தாங்குகிறது. அந்த வளைவுகள் குதிரை லாட வடிவம். ஒரு பக்கத்தில் நெருக்கமான சிறு தூண்களும் லாட வளைவுகளுமாக, ஒரு பள்ளிவாசலைக் கையடக்கமாகச் செய்து வைத்தது போன்ற பகுதி. அது எல்லை நிலம். குர்துபா கிலாபத்தின் பெருங்கோட்டையான கோர்மாஸ் அங்கிருந்து அதிக தூரமில்லை. அரபு பேசி, அந்தலூசியப் பழக்கவழக்கங்களோடு வாழ்ந்து, கிறிஸ்தவர்களாகவே இருந்த மொஸராபுகளின் கட்டடக் கலை என்று இதை வகைப்படுத்துவார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், நிலம் கஸ்தீல்யரின் கைக்குப் போனபின், அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். மேல்வரிசையில் ஈசா நபியின் வரலாறு கிறிஸ்தவர் சொல்லும் விதமாக. கீழ்வரிசையில் வேட்டைக்காரன், கரடி, முதுகில் கோட்டை சுமந்த யானை, ஓர் ஒட்டகம். இந்த மிருகங்களை வரைந்தவன் அவற்றை அந்தலூசியப் பட்டுத் துணிகளிலும் தந்தப் பேழைகளிலும் பார்த்திருக்க வேண்டும் என்பது கலை வரலாற்றாளரின் பரவலான கருத்து.

1917இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கட்டடம் கிராமத்தவர் சிலரின் தனிச்சொத்து. 1922இல் ஒரு வியாபாரி ஓவியங்களை அவர்களிடம் விலைக்கு வாங்கினான். அரசு தடுத்தது, வழக்கு நடந்தது, விற்பனை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1926இல் ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்துத் துணியில் ஒட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இராப்போசனக் காட்சி பொஸ்டனுக்கு; ஜெரூசலப் பிரவேசம் இந்தியானாபொலிஸுக்கு; ஒட்டகம் 1961இல் குளொய்ஸ்டர்ஸுக்கு. உரித்த சுவரில் உருவங்களின் மங்கிய சாயல் இன்னும் இருக்கிறது.

அந்த ஒட்டகம் தட்டையான நிறப்பரப்பின்மேல் தனியே நிற்கிறது. நிலக்காட்சியில்லை, நிழலில்லை, ஓட்டுபவனில்லை. ஒட்டகத்தை நேரில் கண்டிராத கை வரைந்திருக்கலாம் என்று தோன்றுமளவுக்குக் கோலமாக இருக்கிறது. ஆனாலும் அதன் கழுத்து வளைவில் ஒரு பெருமிதம். முழு நூதனசாலையிலும் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இதுதான். மற்றவை ஒரு மூடிய உலகத்தை, கிறிஸ்தவ ஐரோப்பா என்று ஒன்று தன்னளவில் முழுமையாக இருந்தது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. நாற்புறமும் சுவரெழுப்பிய முற்றம் அந்தத் தோற்றத்துக்கு வாய்ப்பான வடிவம். ஒட்டகம் அந்தச் சுவரில் விழுந்த ஓட்டை. ஒரு தேவாலயச் சுவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால் குர்துபாவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டியும் போக வேண்டியிருக்கும். வலென்சியாவின் மனீசஸில் பதினைந்தாம் நூற்றாண்டில் வனைந்த பொன்மினுக்குப் பாத்திரங்களும் இதே கதையைத்தான் சொல்கின்றன. முஸ்லிம் குயவர் மரபில் வந்த கைவண்ணம், கிறிஸ்தவப் பிரபுக்களின் மேசைக்குப் போனது. அந்தப் பாத்திர மரபில் அலங்காரமாகவே தேய்ந்துபோன ஒரு கோலத்துக்கு 'அலஃபியா' என்று பெயர். நமது உம்மாமார் துஆவில் கேட்கும் அதே ஆஃபியத்.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தலூசியா என்றதுமே நமது எழுத்து இரண்டில் ஒன்றாகிவிடுகிறது: 'அதெல்லாம் எம்முடையது' என்ற பெருமிதம் அல்லது 'எல்லாம் போயிற்றே' என்ற ஒப்பாரி. சன் பௌதேலியோ இரண்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. அந்த ஒட்டகத்தை வரைந்தவன் பெரும்பாலும் ஒரு கிறிஸ்தவன். வரைந்த இடம் தேவாலயம். வரைந்த காலம் முஸ்லிம் ஆட்சி அங்கிருந்து அகன்ற பின். ஆட்சி போனபிறகும் அழகு பற்றிய எண்ணம் அயலவனின் கையில் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. இதை எம்முடையது என்று உரிமை கோருவதும், குளொய்ஸ்டர்ஸின் சுவரைப் போலவே, இன்னொரு சுவரெழுப்பும் காரியம். ஒப்பாரிக்கு இது மிகவும் உயிருள்ள மிருகம்.

நூதனசாலை மீதான எனது முறைப்பாடும் இங்கேதான் கூர்மையடைகிறது. 1957இல் ஸ்பானிய அரசுடன் மெட்ரோபொலிடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. செகோவியா மாகாணத்தின் புவென்திதுவேன்யா கிராமத்தில் இடிந்துபோன சன் மார்ட்டின் தேவாலயத்தின் அரைவட்டப் பீடப்பகுதி காலவரையறையற்ற கடனாக நியூயோர்க்குக்கு வரும். பதிலாக, சன் பௌதேலியோ ஓவியங்களில் ஆறு மத்ரித்தின் பிராடோவுக்குப் போகும். அவ்வாறே 3,000இற்கும் மேற்பட்ட கற்கள் இலக்கமிடப்பட்டு வந்து, 1961இல் குளொய்ஸ்டர்ஸில் புதிய மண்டபமாயின. இன்று பழைய இசைக் கச்சேரிகள் நடப்பது அதில்தான். அதன் வளைவினுள் தெரியும் மர்யமின் சித்திரம் கட்டலோனியாவின் வேறொரு தேவாலயத்தினது. தொங்கும் சிலுவை வேறொரு கன்னியர் மடத்தினது. மூன்று ஊர்களைச் சேர்த்து ஓர் ஊரில்லாத தேவாலயம். கேட்பவர்களுக்கு அது மிகப் பழைய, மாறாத அமைதியாகத் தெரிகிறது. அதற்கு விலையாகப் போனவை ஒரு யானையும் கரடியும் ஒரு வேட்டைக்காரனும் என்பதைச் சுவரில் நாலு வரியில் எழுதி வைத்தால் அந்த அமைதி குலைந்துவிடாது. கேட்பவன் இன்னும் கவனமாகக் கேட்பான்.

ஒட்டகத்தைக் காண நியூயோர்க் போகிறவர், முடிந்தால் மத்ரித்திலும் இறங்கட்டும். பிராடோவில் அந்த யானை நிற்கிறது. அது பிறந்த சுவர் அதே நாட்டில், சில மணி நேரப் பயணத் தூரத்தில்; ஆனால் அதன் உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது நியூயோர்க் நூதனசாலையின் பெயர்.